சருகை வாரினால் முளைக்கும் காளான்

"சிப்பிக் காளானை வைக்கோலில் வளர்ப்பதுபோல மாட்சுடாக்கேயையும் வளர்த்துக் காப்பாற்றக் கூடாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஜப்பானியர்கள் கொண்டாடும் காட்டுக் காளான் அது. 1941இல் அங்கே சுமார் 12,000 டன் கிடைத்தது. இப்போது பல ஆண்டுகளில் 100 டன்கூடத் தேறுவதில்லை. 2020இல் அழியும் ஆபத்துள்ள இனங்களின் சிவப்புப் பட்டியலில் இடம்பிடித்துவிட்டது.

சிப்பிக் காளானுக்குச் செத்த வைக்கோல் போதும். மாட்சுடாக்கேக்கு உயிருள்ள வேர் வேண்டும், முக்கியமாகச் சிவப்புப் பைனின் வேர். நாம் பறிக்கும் குடை, மரத்தில் காய்க்கும் காய் மாதிரி. உண்மையான உயிரி மண்ணுக்குள் இழைகளாக இருக்கிறது. அந்த இழைகள் வேர் நுனியை உறைபோலச் சுற்றிக்கொள்ளும். அப்புறம் வேரின் வெளிச் செல்களுக்கு நடுவே நுழையும். செல்லுக்குள் போகாது! செங்கற்களுக்கு நடுவே சாந்து நிற்பதுபோல ஒவ்வொரு செல்லையும் சூழ்ந்து நிற்கும். அந்த நூலிழை இடைவெளியில்தான் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. மரம் சர்க்கரை தரும். வேர் எட்டாத மண் இடுக்குகளிலிருந்து இழை நீரும் பாஸ்பரஸும் நைட்ரஜனும் கொண்டுவரும். இப்படி வேர்களைத் தைத்தபடி மண்ணில் வெள்ளையாக விரியும் பாயை ஜப்பானியர் 'ஷிரோ' என்கிறார்கள். அது ஆண்டுக்கு 10–15 செ.மீ. வெளியே நகரும். இலையுதிர் காலத்தில் மண்ணின் வெப்பம் 19 டிகிரி அளவுக்குக் குறைந்ததும் அதன் விளிம்பில் வளையமாகக் காளான் எழும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

சரி, ஏன் குறைந்தது? வட அமெரிக்காவிலிருந்து வந்த நூற்புழு, வண்டுகள் வழியே பரவிப் பைன் மரங்களைக் காயவைத்தது. இன்னொரு காரணம் நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கும். மாட்சுடாக்கேக்குச் சத்தில்லாத மண்தான் பிடிக்கும். முன்பு ஊர்மக்கள் விறகுக்கும் உரத்துக்கும் சருகை வாரிப் போனார்கள். 1950களுக்குப் பின் எரிவாயுவும் ரசாயன உரமும் பரவ, காட்டுக்குள் போவாரில்லை. சருகு மட்கி மண் கொழுத்தது, வேறு பூஞ்சைகள் பெருகின, அகன்ற இலை மரங்கள் பைனை மூடின. மனிதரை வெளியே நிறுத்தினால் காடு பிழைக்கும் என்ற எண்ணம் இங்கே பொருந்தவில்லை.

2025 மார்ச் கணக்கில், சிவப்புப் பட்டியலுக்காக மதிப்பிடப்பட்ட 1,69,000 இனங்களில் பூஞ்சைகள் 1,300தான். பெரிய விலங்குகளுக்குப் போகும் ஆய்வுப் பணத்தில் சிறு பங்காவது பூஞ்சைகளுக்கு வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கியோட்டோவில் தன்னார்வலர்கள் சருகை வாரி, நிழல் மரங்களை வெட்டிப் பைனுக்கு வெளிச்சம் விடுகிறார்கள். புதுப் பைனுக்கு 20 வயதாவது ஆகாமல் பெரும்பாலும் காளான் வராது. அது தெரிந்தேதான் வாருகிறார்கள்.