அகழ்களக் காட்சியகம்: ஒரு சொல் விளக்கம்

கீழடியில் தோண்டிய அகழாய்வுக் குழிகளை இருந்த நிலையிலேயே பாதுகாத்து மக்கள் பார்வைக்கு வைக்கும் திட்டத்துக்கு 2025 சனவரி 23 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அத்திட்டத்துக்கு 'திறந்தவெளி அருங்காட்சியகம்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். நாளிதழ், தொலைக்காட்சி, சுற்றுலாக் கையேடு என எங்கும் இப்போது இந்தப் பெயர்தான். கேட்பதற்கு எளிதாக இருப்பதால் யாரும் இதை ஐயுறுவதில்லை. ஆனால் தொல்லியல் எதைக் காக்க விரும்புகிறதோ, அதற்கு நேர்மாறான பொருளைத் தரும் தொடர் இது என்பதால் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

முதலில் சொல்வரலாறு. மியூசியம் என்பது கலைத்தெய்வங்களின் உறைவிடத்தைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து இலத்தீன் வழியாக வந்தது. தமிழில் அது 'நூதனசாலை' ஆனது; இலங்கையில் அச்சொல் இன்றும் வழங்குகிறது. 'நூதனம்' என்றால் புதுமை. பழம்பொருள் இருக்கும் இடத்துக்கு அது எப்படிப் பொருந்தும் என்று கேட்கத் தோன்றும். சென்னை மக்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குக் காட்சிச்சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அழைத்தார்கள். பின்னர் நிலைத்தது 'அருங்காட்சியகம்'. அரிய பொருள்களைக் காணும் இடம் என்ற அளவில் அது நல்ல சொல்லே.

தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை தன் அகழாய்வுகளில் கிடைத்த பொருள்களை அந்தந்த ஊரிலேயே வைக்கத் தொடங்கியபோது, அதற்கென்று தனிச்சொல் ஒன்று வழக்குக்கு வந்தது: அகழ்வைப்பகம். பூண்டி, தரங்கம்பாடி, கங்கைகொண்ட சோழபுரம் ஆகிய இடங்களில் உள்ளவை இப்பெயராலேயே அறியப்பட்டன. என் கணிப்பில் நம் கலைச்சொற்களுள் மிகச் சிறந்தவற்றில் இது ஒன்று. 'அகழ்' என்ற வேர் 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்' என்ற குறளால் எல்லோருக்கும் தெரிந்தது. 'வைப்பு' என்பதோ சேமித்து வைக்கும் பொருள், அதைப் பேணும் இடம் என்ற பழம்பொருள் மாறாதது. 'பெற்றான் பொருள்வைப் புழி' என்கிறார் வள்ளுவர். தோண்டி எடுத்ததைப் பேணி வைக்கும் இடம் என்று சொல்லே விளக்கிவிடுகிறது. அருங்காட்சியகம் என்னும் சொல் காண வருபவரை முன்னிறுத்துகிறது. அகழ்வைப்பகம் பொருள் வந்த வழியை முன்னிறுத்துகிறது. 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்ட கீழடிக் கட்டடத்துக்கு இந்தப் பெயரை விட்டுவிட்டு அருங்காட்சியகம் என்றே பெயர் சூட்டினார்கள். அங்கே பொருள் பிழை எதுவும் இல்லை. நல்ல சொல்லொன்று கைநழுவியது என்ற வருத்தம் மட்டுமே.

குழிகளுக்கு இட்ட பெயரில்தான் பொருளே பிழைபடுகிறது. திறந்தவெளி அருங்காட்சியகம் என்பது உலக வழக்கில் ஏற்கெனவே வரையறுக்கப்பட்ட ஒரு வகை. 1891இல் சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் ஆர்தர் ஹசேலியஸ் ஸ்கான்சன் என்ற இடத்தை நிறுவினார். நாட்டின் பல பகுதிகளில் இருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, ஒரே வளாகத்தில் மறுபடியும் எழுப்பிக் காட்டினார். அதைப் பின்பற்றி எழுந்தவற்றுக்கே இப்பெயர் நிலைத்தது. நமக்குத் தெரிந்த நல்ல எடுத்துக்காட்டு முட்டுக்காட்டில் 1996 முதல் இருக்கும் தட்சிணசித்ரா. செட்டிநாட்டு வீடும் கேரள வீடும் அங்கே அடுத்தடுத்து நிற்பது அவை பெயர்த்துக் கொண்டுவரப்பட்டதால்தான். நாகார்ஜுனசாகர் அணைநீரில் மூழ்கவிருந்த பௌத்தக் கட்டடங்களை மேட்டுக்கு மாற்றி மறுபடி அமைத்ததையும் இந்த வகையில் சேர்க்கலாம். இடம்பெயர்த்தல்தான் இவற்றின் உயிர்நாடி.

கீழடிக் குழிகளின் மதிப்போ எதையும் இடம்பெயர்க்காமல் விட்டதில் இருக்கிறது. அகழாய்வில் ஒரு பானை ஓடு தனியாக எதையும் சொல்லிவிடாது. எந்த மண்ணடுக்கில், எந்தச் செங்கல் வரிசைக்கு அருகில், எந்த உறைகிணற்றுக்கு (சுடுமண் வளையங்களை அடுக்கி அமைத்த கிணறு) எவ்வளவு தொலைவில் கிடைத்தது என்பதோடு சேர்ந்தால்தான் அது சான்றாகும். பொதுவாகக் குழியை அளந்து, வரைந்து, படமெடுத்தபின் மண்ணிட்டு மூடிவிடுவார்கள். கீழடித் தென்னந்தோப்புகளிலும் அப்படி மூடப்பட்ட குழிகள் உண்டு. மூடாமல் சிலவற்றை விட்டுவைப்பது, குழிச்சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும் மண்ணடுக்குகளையும் அவற்றுக்கிடையே நிற்கும் உறைகிணற்றையும் பொதுமக்கள் தம் கண்ணால் படித்துக்கொள்ளட்டும் என்பதற்காகவே. பெயர்த்து வந்த வீடுகளுக்கு உரிய பெயரை இதற்குச் சூட்டினால், வரும் பயணிக்கு முதல் பாடமே தவறாகிவிடுகிறது.

இன்னொரு குறையும் உண்டு. அகழாய்வுக் குழி திறந்தவெளியில் நிலைக்காது. ஒரு மழைக்காலம் போதும். குழிச்சுவர் சரியும், நீர் தேங்கும், வெயிலில் உலர்ந்த செங்கல் உதிரும். ஆகவே கூரை இன்றியமையாதது. சீனத்தின் சியான் நகரருகே சுடுமண் வீரர்கள் நிற்கும் முதற்குழியை 1979இல் மக்களுக்குத் திறந்தபோது, அதன்மேல் மாபெரும் கூரை நின்றது. அதைத் திறந்தவெளி என்று யாரும் சொல்லவில்லை.

ஆதிச்சநல்லூர் இந்த வேறுபாட்டை நன்றாகவே காட்டும். 1876இல் ஜெர்மானியரான ஜாகோர் தோண்டி எடுத்த பொருள்கள் பெர்லினுக்குப் போயின. அடுத்து வந்த ஆங்கிலேயர் காலத் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ எடுத்தவை எழும்பூருக்குப் போயின. தாமிரபரணிக் கரைக்காரர் தம் ஊர்ப் பொருளைக் காணத் தொலைவூருக்குப் போக வேண்டியிருந்தது. 2023 ஆகஸ்டில் அங்கே குழியின்மேல் கண்ணாடித் தளம் அமைத்துத் திறந்தார்கள். நம் காலடியில் முதுமக்கள் தாழிகள், மண்ணில் பாதி புதைந்து, கிடந்த கோலத்திலேயே கிடக்கின்றன. இதைச் செய்தித்தாள்கள் 'சைட் மியூசியம்' என்று ஒலிபெயர்த்தன. சிலர் 'தள அருங்காட்சியகம்' என்கிறார்கள். தளம் என்றால் தரை, மாடி, விமானத்தளம், இணையதளம் என்று பலவும் நினைவுக்கு வருகின்றன; அகழாய்வு மட்டும் வருவதில்லை.

சுற்றுலாத் தமிழில் இந்தக் கவனக்குறைவு பரவலாக இருக்கிறது. வழிபாடு நடக்கும் தஞ்சைப் பெரிய கோயிலையும், 'மானுமென்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை மொழிபெயர்த்து, 'நினைவுச்சின்னம்' என்று எழுதுகிறார்கள். யாருடைய நினைவாக என்று படிப்பவர் கேட்டால் விடை இல்லை. மொழிபெயர்ப்பவர் மூலச்சொல்லின் அகராதிப் பொருளைப் பார்க்கிறார். அது சுட்டும் இடத்தைப் போய்ப் பார்ப்பதில்லை. தொல்லியலுக்கும் சுற்றுலாவுக்கும் இடையே ஓர் உடன்பாடு உண்டு: தொல்லியல் சான்றைத் தருகிறது, சுற்றுலா அதைக் காக்க மக்கள் ஆதரவையும் பணத்தையும் தேடித் தருகிறது. அந்த உடன்பாட்டில் பெயர்ப்பலகைதான் முதல் ஆசிரியர். அது சந்தைக்கு ஏற்ற சொல்லாக மட்டும் இருந்தால் சான்று வெறும் காட்சியாகச் சுருங்கிவிடும்.

என் பரிந்துரை 'அகழ்களக் காட்சியகம்'. களம் என்பது போர்க்களம், நெற்களம்போல ஒரு செயல் நடந்த இடத்தையே சுட்டும். அகழ்ந்த களத்திலேயே காட்சி என்பது ஐயமின்றி விளங்கும். நீளம் என்று சொல்பவர்கள் திறந்தவெளி அருங்காட்சியகத்தின் எழுத்துகளை எண்ணிப் பார்க்கலாம். 'அருமை' என்ற அடையை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்: அங்கே காணவேண்டியது மண்ணடுக்கும் செங்கல் வரிசையும், அவை அரும்பொருள் ஆவதே இருக்கும் இடத்தால்தான். அகழ்வைப்பகத்தையே இதற்கும் நீட்டலாம் என்பார்க்கு, எடுத்து வைத்தால்தான் வைப்பு என்பதே விடை. கீழடியில் பொருள்களை எடுத்து வைத்திருக்கும் கட்டடத்துக்கு அகழ்வைப்பகம் என்றும், குழிகளுக்கு அகழ்களக் காட்சியகம் என்றும் இரு பலகைகள் வேண்டும். ஆதிச்சநல்லூரின் கண்ணாடித் தளத்துக்கும் இந்த இரண்டாவது பெயரே உரியது.