மயக்கவியல் ரெசிடென்சி நேர்காணல்: செட்டிநாட்டு இளம் மருத்துவர்களுக்கும் பெற்றோருக்கும்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து எம்.பி.பி.எஸ். முடித்து, அமெரிக்காவில் மயக்கவியல் (அனஸ்தீசியா) ரெசிடென்சிக்கு, அதாவது முதுநிலை மருத்துவப் பயிற்சிக்கு, விண்ணப்பிக்கும் பிள்ளைகள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நேர்காணல் ஒத்திகைக்காக என்னிடம் வருகிறார்கள். அமெரிக்க மருத்துவ உரிமத்துக்கான யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வுகளை நல்லபடி எழுதியவர்கள். படிப்பில் குறை சொல்ல முடியாதவர்கள். ஆனால் இவர்களில் பெரும்பாலோர் வாழ்க்கையில் ஒரு நேர்காணலில்கூட உட்கார்ந்ததில்லை. நம் நாட்டில் முதுநிலை இடம் நீட் தேர்வின் தரவரிசையாலும் கலந்தாய்வாலும் முடிவாகிறது. ‘இந்தத் துறை உங்களுக்கு எதற்கு?’ என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அதனால் அந்தக் கேள்வியை முதன்முதலாக எதிர்கொள்ளும்போது இணையத்தில் படித்து மனப்பாடம் செய்த பதிலை ஒப்பிக்கிறார்கள். அங்கேதான் வாய்ப்பு நழுவுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

2022 ஜனவரி முதல், அந்தத் தேர்வுகளில் முதலாவதான ஸ்டெப் 1 தேர்வுக்கு மதிப்பெண் கிடையாது. தேர்ச்சியா இல்லையா என்பது மட்டுமே தெரியும். நேர்காணலுக்கு அழைத்துவிட்டார்கள் என்றாலே ஏட்டுத் தகுதியை ஏறக்குறைய ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று பொருள். அதற்கு மேல் அவர்கள் அறிய விரும்புவது, நினைவிழந்து, தன் மூச்சையும் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டுப் படுத்திருக்கும் ஒரு நோயாளியின் அருகில் நள்ளிரவில் இவரை நம்பி நிறுத்தலாமா என்பதைத்தான்.

ஒத்திகைக்கு வந்த ஒரு பெண் மருத்துவர், ‘ஏன் மயக்கவியல்?’ என்றதும், உடலியலும் மருந்தியலும் கண்முன்னே சந்திக்கும் துறை இது என்று அழகாகச் சொன்னார். அது உண்மைதான்; ஆனால் விண்ணப்பிக்கும் எல்லோரும் அதையே சொல்கிறார்கள். ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது மனத்தில் நின்ற ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன். சற்று யோசித்துவிட்டு, இடுப்பெலும்பு முறிந்து அறுவைக்குக் காத்திருந்த ஓர் ஆச்சியைப் பற்றிச் சொன்னார். இரவிலிருந்து வெறும் வயிறு என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தது. அதை அப்படியே ஏற்காமல், ‘காலையில என்ன ஆச்சி குடிச்சீக?’ என்று கேட்டிருக்கிறார். ‘ஒண்ணுமே சாப்பிடலத்தா, ஒரு வாய் காப்பிதான்’ என்று பதில் வந்திருக்கிறது. தண்ணீர் போன்ற தெளிந்த திரவம் என்றால் இரண்டு மணி நேர இடைவெளி போதும். பால் கலந்த காப்பிக்கு ஆறு மணி நேரம் வேண்டும், இல்லையேல் வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. அவர் உடனே மயக்க மருந்து நிபுணரிடம் தெரிவிக்க, அறுவை பிற்பகலுக்குத் தள்ளிப்போனது. அறுவை நிபுணரின் அதிருப்தியைப் பொறுத்துக்கொண்டு காரணத்தையும் அவரே விளக்கியிருக்கிறார். இதைச் சொல்லும்போது அவருடைய குரலே வேறாக இருந்தது. ‘ஏன் மயக்கவியல்?’ என்ற கேள்விக்கு உரிய பதில் இதுதான் என்றேன். நோயாளியின் அடையாளத்தை வெளிப்படுத்தாமல் இப்படி ஒன்றிரண்டு அனுபவங்களைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தால், அறுவை அரங்கில் கருத்து வேறுபாடு வந்தால் என்ன செய்வீர்கள், நெருக்கடியை எப்படிக் கையாண்டீர்கள் என்ற கேள்விகளுக்கும் அவற்றிலிருந்தே விடை கிடைக்கும்.

மூத்தவரை உதவிக்கு அழைத்ததைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் நம்மில் அதிகம். ‘நானே சமாளித்தேன்’ என்பது நம் பிள்ளைகளின் காதுக்குப் பெருமையாக ஒலிக்கிறது. எதிரே இருப்பவருக்கு அது அபாய அறிவிப்பு. எந்தக் கட்டத்தில், எதைக் கண்டு, யாரை அழைத்தீர்கள் என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

பல நேர்காணல்கள் இப்போது காணொளி வழியாகவே நடக்கின்றன. நவம்பர் முதல் வாரத்தில் அங்கே கடிகாரத்தை மாற்றிய பிறகு, நியூயார்க்கின் காலை 8 மணி நமக்கு மாலை 6.30, கலிபோர்னியாவின் காலை 8 மணி நமக்கு இரவு 9.30. செட்டிநாட்டுப் பெரிய வீட்டின் உயர்ந்த கூடத்தில் குரல் எதிரொலிக்கும், தடித்த சுவருக்குள் சிக்னலும் நிற்காது. ஆகவே சின்ன அறையொன்றில் கம்பிவழி இணையமும் இன்வெர்ட்டரும் உறுதிசெய்துகொண்டு உட்காருங்கள்.

பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது, ‘எவ்வளவு டொனேஷன் ஆகும் டாக்டர்?’ என்பதே. ரெசிடென்சி என்பது சம்பளம் தரும் பயிற்சிப் பணி. அதற்கு நன்கொடை என்று ஒன்றில்லை. ‘மேட்ச்’ எனப்படும் பொதுவான இடப்பொருத்த முறையில் சேர்ந்த பயிற்சித் திட்டத்துக்கு, அதற்கு வெளியே தனியாக ஒருவருக்கு இடம் கொடுக்க அனுமதியில்லை. பணம் கொடுத்தால் இடம் உறுதி என்று சொல்லும் தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். விண்ணப்பதாரர் தமக்குப் பிடித்த வரிசையில் மருத்துவமனைகளையும், மருத்துவமனைகள் தமக்குப் பிடித்த வரிசையில் விண்ணப்பதாரர்களையும் பட்டியலிட, கணினி இரண்டையும் பொருத்தி மார்ச் மூன்றாம் வாரத்தில் முடிவை அறிவிக்கிறது. நகரத்தார் திருமணத்தில் எழுதும் ஒப்பந்தமான இசைபிடிமானத்தைப் போல அந்த முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். 1998 முதல் இந்தப் பொருத்தம் விண்ணப்பதாரரின் விருப்பத்திலிருந்தே தொடங்குகிறது. அதைத் திருத்தி வடிவமைத்தவர்களில் ஒருவரான ஆல்வின் ராத் 2012இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். எனவே ‘எங்கே கிடைக்கும்’ என்று கணக்குப் போடாமல் மனத்துக்கு உண்மையாகவே பிடித்த இடத்தை முதலில் எழுதுவதே சரி. வேறு எங்கெல்லாம் விண்ணப்பித்தீர்கள், எங்களை எத்தனையாவது இடத்தில் வைப்பீர்கள் என்று கேட்க அவர்களுக்கு அனுமதியில்லை. யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமும் உங்களுக்கு இல்லை.

‘எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்று முடிவில் கேட்பார்கள். ‘ஒன்றுமில்லை’ என்று எழுந்துவிடாதீர்கள். மயக்கவியல் பயிற்சி நான்காண்டு. சில இடங்களில் முதலாண்டுப் பொது மருத்துவப் பயிற்சியும் அதற்குள்ளேயே அடங்கும், சில இடங்களில் அந்த ஓராண்டுக்குத் தனியாக இடம் தேட வேண்டும். நீங்கள் விண்ணப்பித்த இடம் எந்த வகை என்பதை முன்பே படித்து அறிந்துகொண்டு, இளநிலை ரெசிடென்ட் இரவுப் பணியில் இருக்கும்போது மூத்த மருத்துவர் எவ்வளவு அருகில் இருப்பார் என்பதைக் கேளுங்கள். விசாவை அலுவலகத்தாரிடம் தனியாகக் கேட்பது நல்லது: ஜே-1 என்றால் பயிற்சி முடிந்ததும் இரண்டாண்டு தாய்நாடு திரும்ப வேண்டும் அல்லது விலக்குப் பெற வேண்டும், எச்-1பி என்றால் யு.எஸ்.எம்.எல்.இ.யின் கடைசிக் கட்டமான ஸ்டெப் 3 தேர்வையும் முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும்.