மூடிய சாப்பாட்டுக் கடைக்குக் கொடுத்த கைமாற்று: வரியில் கழிக்கலாமா?

மட்டக்களப்பு, கல்லடியில் சாப்பாட்டுக் கடை போட்ட மருமகனுக்கு ஒரு டீச்சர் 6 லட்சம் ரூபாய் கைமாற்றாகக் கொடுத்தார். கடை மூடிப் போனது. "வராத கடன் என்று எழுதினால் சம்பளத்தில் பிடித்த வரி திரும்பி வரும்" என்று யாரோ சொல்ல, அதை நம்பிக் கந்தோர் கந்தோராக அலைந்தார். ஒரு நாள் நானும் கூடப் போனேன். ஒரு மேசையில் கடிதம் கேட்டார்கள், அடுத்த மேசையில் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ். "இது கழிபடாது அம்மா" என்று முதல் நாளே சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

இலங்கையின் 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி சம்பளத்திலிருந்து இந்த நட்டத்தைக் கழிக்க வழியில்லை. வராத கடனாகக் கழிக்க, அந்தத் தொகையை முன்பே வருமானமாகக் காட்டியிருக்க வேண்டும். நீங்கள் கொடுத்த கடன் தொகை உங்கள் சேமிப்பு. அதை எங்கே வருமானமாகக் காட்டினீர்கள்?

வட்டியில்தான் பலர் வீணாக வரி கட்டுகிறார்கள். தனியாளின் முதலீட்டு வருமானம் காசு கைக்கு வந்த ஆண்டில்தான் கணக்கில் சேரும். கடன் நோட்டில் மாதம் 10,000 ரூபாய் வட்டி என்று எழுதியிருந்தாலும், வராத வட்டியை வரி விபரத்திரட்டில் போடாதீர்கள். வந்ததை மறைக்கவும் வேண்டாம்.

கடைக்கு மீனும் கோழியும் கடனுக்குப் போட்டவரின் நிலை வேறு. விற்பனையை வருமானமாகக் காட்டியிருந்தால் அவர் வராத கடனாக எழுதலாம். ஆனால் காசைக் கேட்டு நியாயமான எல்லா முயற்சியும் எடுத்த பிறகுதான். போனில் சண்டை பிடித்ததற்கு எதைக் காட்டுவீர்கள்? பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள், பற்றுச்சீட்டை வையுங்கள். மத்தியஸ்த சபைக்குப் போனால் அங்கே தரும் கடதாசியையும் பத்திரப்படுத்துங்கள்.

இந்த அலைச்சலுக்குள் வழக்குப் போடும் காலம் ஓடிவிடும். கடனுக்குக் கொடுத்த சரக்குக்கு, அதாவது கடைப் பற்றுக்கு, 1 வருடம், வாய்ப்பேச்சில் கொடுத்த கடனுக்கு 3, எழுதிக் கையொப்பம் வாங்கியதற்கு 6. புரோநோட்டு, அதாவது கடனைத் திருப்பித் தருவதாகக் கையொப்பமிட்ட பத்திரம் என்றால், உண்மையில் கொடுத்த முதலையும் ஆண்டு வட்டி வீதத்தையும் தனித்தனியாக எழுத வேண்டும். 2 லட்சம் கொடுத்துவிட்டு, வட்டியையும் சேர்த்து இரண்டரை என்று எழுதினால் நீதிமன்றத்தில் அந்த நோட்டே சிக்கலாகும்.

டீச்சரிடம் இருந்தது நாலாக மடித்த ஒரு கொப்பித் தாள். மடிப்பில் மை மங்கிவிட்டது, திகதியும் கையொப்பமும் மட்டும் தெளிவாக இருந்தன. எண்ணிப் பார்த்தேன்: 5 வருடமும் 8 மாதமும். "வரிக் கந்தோரை விடுங்க டீச்சர், இன்றைக்கே சட்டத்தரணியிடம் போவோம்" என்றேன். மருமகனிடம், இவ்வளவு தர வேண்டியிருக்கிறது என்று புதிதாக எழுதிக் கையொப்பம் வாங்கச் சொன்னார் சட்டத்தரணி. அப்படி வாங்கினால் காலம் அந்தத் திகதியிலிருந்து மறுபடி எண்ணப்படும்.