மாமூல்ல தொலைஞ்சு போன சத்தம்

மாமூல்னு சொல்றப்ப நடுவுல இருந்த ஒரு எழுத்தை முழுங்கிட்டுத்தான் சொல்றோம். அரபில அது மஅமூல், அந்த 'அ' வர்ற இடத்துல தொண்டையை லேசா நெருக்கி ஒரு சத்தம் வரும், அதுக்குப் பேரு அய்ன். இராக், ஓமன், ஏடன், ஏன் அரபுங்கற சொல்லே கூட இதுலதான் ஆரம்பிக்குது. நம்ம வாய்க்கு வர்றப்ப வெறும் உயிரெழுத்தா போயிருது.

காரணம் சிம்பிள். நம்ம 'க' நாக்கோட பின்பக்கம் மேல் அண்ணத்துல ஒட்டிப் பிறக்குது, கடன் வாங்குன 'ஹ' ரொம்ப கீழ குரல் நாண்கிட்ட பிறக்குது, இடையில இருக்கற தொண்டைக் குழாயை தமிழ் எழுத்துக்காக யூஸ் பண்றதே இல்ல. அரபிக்காரங்க நாக்கோட அடியையும் குரல்வளை மூடியையும் பின்னால இழுத்து அந்தக் குழாயை குறுக்குறாங்க. குரல் இல்லாம காத்து மட்டும் உரசிப் போனா அது அழுத்தமான ஹா (ஹலால், ஹல்வால வர்றது), அதே இடத்துல குரலும் சேர்ந்தா அய்ன். அவ்ளோதான், ஸ-வுக்கும் இங்கிலீஷ் ஜீப்ராவோட முதல் சத்தத்துக்கும் இருக்கற உறவு மாதிரி.

பழகுறதுக்கு, மூக்குக் கண்ணாடி துடைக்க 'ஹா'ன்னு ஊதுவோம்ல, அதை ஊதிக்கிட்டே தொண்டையை கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க, கரகரன்னு ரகசியம் பேசுற மாதிரி ஆனதும் நிறுத்தாம அப்படியே குரலை ஆன் பண்ணுங்க, கழுத்துல கை வெச்சா அதிர்வு தெரியும். வாந்தி எடுக்கற மாதிரி முக்கணும்னு சிலர் சொல்லிக்குடுக்கறாங்க, அது வேண்டாம், உண்மையான அய்ன் ரொம்ப மென்மையானது.

இறுக்கம் மேல ஏறி உள்நாக்குகிட்ட போயிட்டா அது வேற எழுத்து, 'க்ஹ' மாதிரி கேக்கும். "கைஃப ஹாலக்"னு நலம் விசாரிக்கப் போயி, "உன் தாய்மாமன் எப்படி"ன்னு கேட்டுருவீங்க! சாதா ஹா போட்டாலும் வம்புதான், ஹரம்னா புனிதத் தலம், அதையே லேசான ஹா போட்டு சொன்னா பிரமிடு.

இதையெல்லாம் 8ம் நூற்றாண்டுலயே இராக்கோட பஸ்ரா ஊர்ல இருந்த அல் கலீல்ங்கற அறிஞர் யோசிச்சிருக்கார். எழுத்துகளை தொண்டையில ஆரம்பிச்சு உதடு வரைக்கும் வரிசைப்படுத்தி அகராதி போட்டார், முதல் எழுத்து அய்ன், புக்கு பேரும் அதான். அவரோட மாணவர் சீபவைஹி பாரசீகர், அதாவது நம்மள மாதிரி வெளியாளு, தொண்டையை அடி, நடு, மேல்னு 3 ஆ பிரிச்சு எழுதுனவர். இப்ப பசங்க மொபைல்ல அரபியை இங்கிலீஷ் எழுத்துல அடிக்கறப்ப அய்னுக்கு 3, அழுத்தமான ஹாவுக்கு 7 போடுறாங்க, எழுத்தோட வடிவம் அப்படி.

அரபி, ஹீப்ரு எல்லாம் சேர்ந்த செமிட்டிக் குடும்பத்து மொழின்னாலே இது இருக்கும்னு இல்ல. இன்னிக்கு ஹீப்ரு பேசுற பெரும்பாலானவங்க அய்னை விட்டுட்டாங்க, ஏமன் யூதர்கள் மாதிரி சிலர்கிட்டதான் மிச்சம். அதே குடும்பத்துல எத்தியோப்பியாவோட அம்ஹாரிக் மொழியும் விட்டுருச்சு, பக்கத்துல இருக்கற டிக்ரின்யா மொழி விடல.

இன்னொன்னு, அய்னை தனியா கேக்க ட்ரை பண்ணாதீங்க, பக்கத்து உயிரெழுத்து எப்படி மாறுதுன்னு கேளுங்க. 'ஆ' கூட சேர்த்து ஆரம்பிச்சா ஈஸி, நாக்கு ஏற்கனவே கீழ கிடக்கும். 'ஈ' நாக்கை முன்னால தள்ளும், அய்ன் பின்னால இழுக்கும், அந்த இழுபறியில நடுவுல ஒரு குட்டி 'அ' எட்டிப் பாக்கும், அதனால ஈத் பெருநாளோட ஈத்தை கடைசியா வெச்சுக்கோங்க.