ஸோம்பி – சொல் விளக்கம்

ஸோம்பி என்றால் என்ன என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எந்தத் தமிழ்ப் பிள்ளையைக் கேட்டாலும் வாயால் பதில் சொல்லாது, நடித்தே காட்டிவிடும். கை இரண்டையும் முன்னால் நீட்டி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு நாலடி நடக்கும். சரி, அதற்குத் தமிழில் என்ன என்று கேட்டால் 'பேய்' என்று வரும். பெரியவர்களும் பெரும்பாலும் அதையேதான் சொல்கிறார்கள்.

பொருந்தாது. நம் பேய்க்குச் சொந்த உடம்பு கிடையாது, கால் தரையில் பாவாது, வேண்டுமானால் இன்னொருவர் உடம்பில் ஏறிக்கொள்ளும். அதற்கு ஆசை உண்டு, கோபம் உண்டு, பழைய கணக்கு உண்டு. பூசாரி கேட்டால் பெயரும் ஊரும் சொல்லும். ஸோம்பிக்கு இருப்பது உடம்பு மட்டும். பெயர் கேட்டால் சொல்ல உள்ளே ஆளில்லை.

எழுத்துக்கூட்டலில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஜாம்பி, ஜோம்பி, ஸோம்பி என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். கிரந்தம் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தால் 'சோம்பி' என்றாகும். அது ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிற சொல். சோம்பிக் கிடப்பவனின் சொல். ஆனால் ஸோம்பியின் பிறப்புக் கதையைப் பார்த்தால், சோம்பலுக்கு அனுமதியே இல்லாத ஒரு உழைப்பாளிதான் அங்கே நிற்கிறான்.

சொல்லின் வேர் மேற்கு மத்திய ஆப்பிரிக்காவில் இருக்கிறது. கிம்புண்டு மொழியில் இறந்தவரின் ஆவிக்கு 'ந்ஸும்பி' என்று பெயர். காங்கோ மொழியில் கடவுளுக்கு 'ந்ஸாம்பி'. இரண்டில் எது மூலம் என்று அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அடிமைக் கப்பல்களில் அட்லாண்டிக்கைக் கடந்த அந்தச் சொல், பிரெஞ்சுக்காரர்களின் கரும்புக் குடியேற்றமான சான் டொமிங்கில் இறங்கியது. இன்றைய ஹெய்ட்டி அதுதான். அந்தக் குடியேற்றத்தைப் பற்றி நூல் எழுதிய மொரோ டி சான் மெரி 1797இல் அந்தச் சொல்லுக்கு 'ஆவி, திரும்பி வந்தவன்' என்றுதான் பொருள் எழுதினார். நடக்கும் பிணம் என்ற பொருள் வெளியுலகில் பரவியது பிறகுதான்.

பிணமாக நடப்பவனைப் பற்றிய ஹெய்ட்டி நம்பிக்கை இது: போக்கோர் என்கிற மந்திரவாதி புதைத்தவனைத் தோண்டி எழுப்புகிறான், அவனைக் கொண்டு வேலை வாங்குகிறான். யாரையும் கடிக்க அல்ல, மூளையைத் தின்ன அல்ல. வயலில் வேலை செய்ய. சாவு ஒன்றுதான் அடிமைக்கு விடுதலை என்று இருந்த ஊரில், செத்த பிறகும் தோட்டம் விடாது என்பதைவிடப் பெரிய பயம் என்ன இருக்க முடியும்?

அமெரிக்கப் படைகள் ஹெய்ட்டியை 1915 முதல் 1934 வரை பிடித்து வைத்திருந்தன. அந்தக் காலத்தில் அங்கே போன வில்லியம் சீபுரூக் என்ற பயண எழுத்தாளர் 1929இல் வெளியிட்ட நூல்தான் இந்தச் சொல்லை அமெரிக்கர்களின் வாயில் போட்டது. சர்க்கரை ஆலைக்காரர்களின் கரும்புக் காட்டில் பிணங்கள் வேலை செய்த கதையும் அதில் வருகிறது. அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் உப்பு. பிணங்களுக்கு உப்பில்லாத சாப்பாடுதான் போட வேண்டும். தப்பித் தவறி உப்பு நாக்கில் பட்டுவிட்டால் அவை தாங்கள் செத்தவர்கள் என்று உணர்ந்து, அழுதுகொண்டே தங்கள் புதைகுழிக்குத் திரும்பி நடக்கும். 'சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியா?' என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதற்கு உரை எழுதத் தேவையில்லை.

1932இல் வந்த 'வொய்ட் ஸோம்பி' படத்தில் ஒரு ஆலைக் காட்சி உண்டு. ஆட்கள் கூடையில் கரும்பைச் சுமந்து வரிசையாக வருகிறார்கள், கீழே வேறு சிலர் செக்கைச் சுற்றுகிறார்கள். ஒருவன் கால் தடுமாறி அரவைக்குள் விழுகிறான். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மரம் கிரீச்சிடும் சத்தம் மட்டும் நிற்காமல் கேட்கிறது. குறைந்த செலவில் அவசரமாக எடுத்த படம்தான், நடிப்பு பல இடங்களில் மேடை நாடகம் மாதிரி இருக்கும். ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்கு ஈடாகப் பின்னால் வந்த கோடி டாலர் படங்களில் அதிகம் பார்த்ததில்லை.

டர்பன் இருக்கும் இந்த நேட்டாலில் இருந்து அதைப் பார்ப்பவர்களுக்கு வேறு ஒரு உறுத்தலும் சேரும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் இங்கே வந்து சேர்ந்தது கரும்புக்காக. 1911 வரை சுமார் ஒன்றரை லட்சம் பேர் அப்படி வந்தார்கள். ஒப்பந்தக் கூலியும் அடிமையும் ஒன்றல்ல, இரண்டையும் குழப்பக் கூடாது. இருந்தாலும் கரும்பு, ஆலை, மணி அடித்ததும் எழுகிற வரிசை – இவை நம் குடும்பக் கதைகளிலும் இருப்பவை.

இன்னொன்று, இந்த மண்ணுக்கே இதே உருவம் வேறு பெயரில் பழக்கம். ஸூலுவில் 'உம்கோவு'. மந்திரவாதி புதைகுழியிலிருந்து எழுப்பி, நாக்கை வெட்டிவிட்டு, இரவில் தன் வயலில் உழைக்க வைக்கும் பிணம் அது. கோசா மொழியில் 'இசிதுன்ஸெலா'. 1990களில் வட மேற்கு மாகாணத்தில் இத்தகைய பேச்சு பெருகியதைப் பற்றி ஜீன் கோமரோஃப், ஜான் கோமரோஃப் என்ற மானிடவியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஊரில் வேலை இல்லை. சம்பளம் கேட்காத பிணங்கள் ராத்திரியில் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன என்று பேச்சு. ஹெய்ட்டிக்கும் நமக்கும் இடையில் ஒரு சமுத்திரம் இருக்கிறது. பயம் மட்டும் ஒன்றுதான்.

அப்புறம் எப்போது இந்த உழைப்பாளி கடிக்கத் தொடங்கினான்? 1968இல். ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் பென்சில்வேனியாவில் சுமார் 1,14,000 டாலரில் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' எடுத்தார்கள். கறுப்பு வெள்ளைப் படம், ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப். மந்திரவாதி இல்லை, எஜமானன் இல்லை, வயல் இல்லை. செத்தவர்கள் எழுந்து மனிதரைத் தின்கிறார்கள். அந்தப் படத்தில் ஸோம்பி என்ற சொல்லே வராது. 'கூல்' என்கிறார்கள், அரபுக் கதைகளில் வரும் பிணந்தின்னிப் பூதத்தின் பெயர் அது. ஸோம்பி என்ற பட்டம் பார்வையாளர்கள் சூட்டியது. விநியோகஸ்தர் தலைப்பை மாற்றியபோது பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப் போனது. படம் பொதுச்சொத்தாகி, யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்து ஓட்டலாம் என்றானது. ரொமேரோவுக்கு அது பெரிய நஷ்டம். ஆனால் அந்த உருவம் உலகம் முழுக்கப் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம்.

சின்ன பட்ஜெட்காரர்களை இந்த உருவம் இழுப்பது இதனால்தான். டிராகன் வேண்டாம், விண்கலம் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில் கொஞ்சம் மாவு அப்பி நடக்கச் சொன்னால் போதும். அதோடு, பக்கத்து வீட்டுக்காரர் என்பதுதான் பயமே. முழுக்க முழுக்க ரப்பரில் செய்த பூதம் நம்மை ஏமாற்ற முயல்கிறது. தெரிந்த முகம், தெரிந்த சட்டை, உள்ளே ஆளில்லை என்பதற்கு ஏமாற்றே தேவையில்லை. பணம் குறைவாக இருப்பது இங்கே ஒரு பலம்.

ரொமேரோ படத்தின் நிஜமான சண்டை வீட்டுக்குள் நடப்பது. நிலவறைக்குள் பூட்டிக்கொள்ளலாம் என்கிறார் ஹாரி, மேலேயே இருந்து கதவுக்குப் பலகை அடிக்கலாம் என்கிறார் பென். கத்திக் கத்தி நேரம் போகிறது. கடைசியில் பென் உயிர் பிழைப்பது தான் வேண்டாம் என்ற அதே நிலவறையில். விடிந்ததும் மீட்க வந்த ஊர்க்காரர்கள் அவரையும் பிணம் என்று நினைத்துச் சுடுகிறார்கள். பென் கறுப்பர், சுடுகிறவர்கள் வெள்ளையர். டுவேன் ஜோன்ஸ் அந்தப் பாத்திரத்தில் நடித்தார். இதற்கெல்லாம் ஒப்பனைச் செலவு எவ்வளவு? ஒன்றும் இல்லை. எழுத்துக்குத்தான் செலவு.

பின்னால் வந்த மலிவுப் படங்களில் பெரும்பாலானவை சறுக்குவது இங்கேதான். பிணத்தை எடுத்துக்கொண்டார்கள், வீட்டுக்குள் நடக்கும் சண்டையை விட்டுவிட்டார்கள். முதல் இருபது நிமிடம் நாலு நண்பர்கள் காரில் பேசிக்கொண்டே போவார்கள். யார் யார் என்று நமக்கு மனதில் நிற்பதற்குள் ஒருவர் குடலை இன்னொருவர் உருவிக்கொண்டிருப்பார். அந்தக் காட்சி மூன்று நிமிடம் நீளும், ஏனென்றால் படத்தில் பணம் செலவானது அங்கே மட்டும்தான். ஒப்பனை கழுத்துப் பட்டையோடு நின்றுவிடும். ஆள் பஞ்சத்தில், முதலில் சுடப்பட்ட சிவப்புச் சட்டைக்காரர் இரண்டாவது தெருவிலும் வந்து சுடப்படுவார். இதையெல்லாம் மன்னிக்கலாம், ரசிக்கக்கூட செய்யலாம். மன்னிக்க முடியாதது ஒலி. இப்போது கைப்பேசியிலேயே படம் நன்றாக விழுகிறது; வசனம்தான் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. பயம் பாதி காதில்தானே இருக்கிறது?

தப்பித்தவை உண்டு. 2017இல் வந்த ஜப்பானியப் படம் 'ஒன் கட் ஆஃப் தி டெட்', சுமார் 30 லட்சம் யென்னில் எடுத்தது. முதல் 37 நிமிடம் ஒரே ஷாட், அதில் மலிவுப் படத்தின் அத்தனை அசட்டுத்தனமும் இருக்கும். எழுந்து போய்விடாதீர்கள். அந்த அசடு ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்பதுதான் மீதிப் படம். பணமில்லாமல் படம் எடுக்கும் கூட்டத்தின் உழைப்பே கதையாகிவிடுகிறது.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 2016இல் ஜெயம் ரவி நடித்து வந்த 'மிருதன்', மிருகம், மனிதன் இரண்டையும் ஒட்டிச் செய்த பெயர். காதுக்கு நன்றாக இருக்கிறது; ஆனால் அது விலங்கைச் சொல்கிறது. ஸோம்பி விலங்கல்ல, விலங்குக்கு விருப்பு வெறுப்பு உண்டு. வேதாளம் பிணத்துக்குள் புகுகிற பூதம், கதை சொல்லும், புதிர் போடும், விக்கிரமாதித்தனைவிட அதற்குப் புத்தி அதிகம். சிலப்பதிகாரத்தில் இறந்த குழந்தையைத் தின்னும் இடாகினிப் பேய் வருகிறது. அது ரொமேரோவின் 'கூல்' என்ற சொல்லுக்குத்தான் நெருக்கம். பேயைக் குறிக்கும் கூளி என்ற பழஞ்சொல்லைச் சிலர் எடுக்கலாம். தென்னாப்பிரிக்காவில் மட்டும் வேண்டாம். ஒலியில் அது எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பதும், அந்தச் சொல்லை இங்கே நம் தாத்தாக்களின் முகத்தில் எப்படி வீசினார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

மிஞ்சுவது நடைப்பிணம். புதிதாகச் செய்ய வேண்டியதில்லை, ஏற்கெனவே வீட்டில் புழங்குவது. 'பிள்ளை போனதிலிருந்து அந்த அம்மா நடைப்பிணமாகத்தான் இருக்கிறார்' என்கிறோம். உடம்பு நடமாடுகிறது, உள்ளே ஆளில்லை. ஹெய்ட்டிக்காரர்கள் சொன்னதும் இதுவே. 'நடைபிணம்' என்றும் அச்சில் பார்க்கிறோம். ப் போட்டு எழுதுவதே முறை.

பழைய ஹெய்ட்டி உருவத்துக்கும் ரொமேரோ வகைக்கும் நடைப்பிணம் என்றே எழுதலாம், அந்த வகைப் படத்தை நடைப்பிணப் படம் எனலாம். '28 டேஸ் லேட்டர்' மாதிரிப் படங்களில் கவனம் வேண்டும். அங்கே ஓடி வருகிறவர்கள் சாகவே இல்லை, வெறிநோய் தொற்றிய உயிருள்ள மனிதர்கள். அவர்களைப் பிணம் என்று எழுதினால் கதையே தப்பாகிவிடும், 'வெறி பிடித்தவர்கள்' போதும். பேச்சில் ஸோம்பி வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், அதை யாரும் நிறுத்தப் போவதில்லை. உம்கோவுவை மட்டும் உம்கோவு என்றே எழுதுங்கள். அதற்குத் தமிழ்ப் பெயரும் வேண்டாம், ஹெய்ட்டிப் பெயரும் வேண்டாம்.