17 வெற்றிகளை 11 வெற்றிகள் முந்தியது எப்படி?

2018-19 பருவத்தில் அமெரிக்காவின் மிக்கேலா ஷிஃப்ரின், பருவம் முழுதும் பல மலைகளில் நடக்கும் ஆல்பைன் (மலைச்சரிவில் இறங்கும்) பனிச்சறுக்கு உலகக் கோப்பையில் 17 பந்தயங்களை வென்றார். ஆண்களையும் சேர்த்துப் பார்த்தாலும், ஒரே பருவத்தில் அத்தனை வெற்றி அதுவரை எவருக்கும் வாய்த்ததில்லை. அந்தப் பருவத்தில் அவர் சேர்த்த புள்ளிகள் 2,204. ஆனால் ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, 2012-13இல், ஸ்லோவேனியாவின் டீனா மாஸே 11 பந்தயங்களை மட்டும் வென்று 2,414 புள்ளிகள் குவித்திருந்தார். ஆறு வெற்றிகள் குறைவு, 210 புள்ளிகள் அதிகம். இது எப்படி என்று புரிந்துவிட்டால், மகளிர் பனிச்சறுக்குப் பருவம் இயங்கும் விதமும் பெரும்பாலும் புரிந்துவிடும்.

முதலில் புள்ளிக் கணக்கு. ஒரு பந்தயத்தில் வெல்பவருக்கு 100, இரண்டாமவருக்கு 80, மூன்றாமவருக்கு 60, நான்காமவருக்கு 50. அப்படியே இறங்கி 30ஆம் இடத்துக்கு 1. மேலே படிகள் பெரியவை, கீழே போகப் போகச் சின்னவை. ஒரு பந்தயத்தில் வென்று அடுத்ததில் விழுந்துவிட்டால் 100 புள்ளிதான். இரண்டிலும் இரண்டாவதாக வந்தால் 160. மாஸே அந்தப் பருவத்தில் 24 முறை முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார். கம்பங்களுக்கிடையே நெருக்கமாகத் திரும்பும் ஸ்லாலம், திருப்பங்கள் சற்று அகன்ற ஜெயன்ட் ஸ்லாலம், அதைவிட வேகமான சூப்பர்-ஜி, எல்லாவற்றிலும் வேகமான டவுன்ஹில், ஒரு வேகப் பந்தயத்தையும் ஒரு ஸ்லாலத்தையும் சேர்த்துக் கணக்கிடும், அப்போது நடைமுறையில் இருந்த கூட்டுப்போட்டி என எல்லா வகையிலும் குறைந்தது ஒரு வெற்றியாவது பெற்றார். ஷிஃப்ரினின் 17 வெற்றிகளைவிட இதைத்தான் நான் பெரிய சாதனையாக நினைக்கிறேன். காரணம் சறுக்குப் பலகையில் இருக்கிறது.

சறுக்குப் பலகையை மேலிருந்து பார்த்தால் நடுவில் ஒடுங்கி, இரு முனைகளிலும் அகன்றிருக்கும். அந்தப் பக்க வளைவை நீட்டினால் ஒரு பெரிய வட்டம் கிடைக்கும். பலகையைச் சாய்த்து விளிம்பில் நிறுத்தும்போது, எடை அதன் நடுப்பகுதியைப் பனியை நோக்கி அழுத்துகிறது. பலகை வில்லாக வளைகிறது. விளிம்பின் முன்பகுதி கீறிய அதே தடத்தில் பின்பகுதியும் போகிறது. இப்படித் தடம் பிசகாமல் திரும்பினால் வேகம் அதிகம் குறையாது. பின்பகுதி வழுக்கி வெளியே போனால் பலகை பனியைச் சுரண்டும், வேகம் போய்விடும்.

ஜெயன்ட் ஸ்லாலத்தில் பெண்களின் பலகை குறைந்தது 188 செ.மீ. நீளம் இருக்க வேண்டும், அதன் வளைவின் ஆரம் குறைந்தது 30 மீட்டர். ஆனால் கம்பங்கள் இருக்கும் இடங்களில் அதைவிட இறுக்கமாகத் திரும்ப வேண்டியிருக்கும். அதற்கு வழி சாய்வுதான். பலகையை 60 பாகை சாய்த்தால் திருப்பத்தின் ஆரம் பாதியாகி 15 மீட்டருக்கு வந்துவிடும். அந்தச் சாய்வில் உடல் சமநிலையில் நிற்க, மணிக்கு 58 கி.மீ. அளவு வேகம் வேண்டும். அப்போது கால்கள் தாங்குவது உடல் எடையின் இரண்டு மடங்கு. மலையின் சரிவையும் பனியின் மேடுபள்ளங்களையும் விட்டுவிட்டுப் போட்ட எளிய கணக்கு இது. 65 கிலோ எடையுள்ள வீராங்கனைக்கு 130 கிலோ, அதில் பெரும்பங்கு வெளிக்கால் ஒன்றின்மீது. அடுத்த நொடிக்குள் அந்தச் சுமை மறுகாலுக்கு மாற வேண்டும்.

ஸ்லாலத்தில் பலகை 155 செ.மீ. வரை குட்டையாக இருக்கலாம். திருப்பங்கள் நெருக்கமாக வருவதால் உடல் கம்பத்துக்கு உள்பக்கமாகப் போக, கம்பத்தை முழங்காலின் கீழும் கையாலும் தட்டிவிட்டுப் போகிறார்கள். டவுன்ஹில் இதற்கு நேர் எதிர். 210 செ.மீ. பலகை, 50 மீட்டர் ஆரம், மணிக்கு 120 கி.மீ.க்கு மேல் வேகம். அங்கே முதல் எதிரி காற்று. வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதனால் முட்டை வடிவில் உடலைச் சுருக்கி, குலுங்கும் பலகையின்மேல் அசையாமல் இருக்கத் தெரிந்தவருக்கே வேகம் மிஞ்சும்.

இரண்டுக்கும் பயிற்சி வேறு, தசைகளின் பழக்கமும் வேறு. டவுன்ஹிலுக்கு முந்தைய நாட்களில் அதே தடத்தில் பயிற்சி ஓட்டங்கள் நடக்கும். ஸ்லாலம் முதல் டவுன்ஹில் வரை நான்கு வகைகளிலும் போட்டியிடுபவர் அந்த நாட்களில் அங்கே இருந்தாக வேண்டும். ஸ்லாலத்தில் மட்டும் போட்டியிடுபவர் அந்நேரம் வேறொரு மலையில் கம்பங்களுக்கிடையே பழகிக்கொண்டிருப்பார். அக்டோபர் இறுதியில் ஆஸ்திரியாவின் சோல்டன் பனிப்பாறையில் தொடங்கி மார்ச் வரை நீளும் பருவத்தில் எந்தப் பந்தயத்தை விட்டுக்கொடுப்பது என்பது ஒவ்வொரு வாரமும் எடுக்க வேண்டிய முடிவு. மாஸே ஏறக்குறைய எதையுமே விட்டுக்கொடுக்கவில்லை.

தடமும் எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. ஒவ்வொருவர் போகும்போதும் பனியில் பள்ளம் ஆழமாகிறது. அதனால் பந்தயத்துக்கு முன்பே பனிக்குள் நீரைச் செலுத்தி உறைய வைக்கிறார்கள். பார்ப்பவருக்குப் பனி, பலகைக்கு அடியில் பனிக்கட்டி. ஸ்லாலத்திலும் ஜெயன்ட் ஸ்லாலத்திலும் முதல் சுற்றின் முதல் 30 பேர் இரண்டாம் சுற்றில் தலைகீழ் வரிசையில் இறங்குகிறார்கள். முன்னிலையில் இருப்பவர் மிகவும் சிதைந்த தடத்தில் கடைசியாக வருவார். பரபரப்புக்கு மட்டுமல்ல, முன்னவரின் சாதகத்தைக் கொஞ்சம் சமன்செய்யவும் இது உதவுகிறது. நல்ல விதி.

நேரத்தை நொடியில் நூறில் ஒரு பங்கு வரை அளக்கிறார்கள். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அது 28 செ.மீ. தூரம். 2014 சோச்சி ஒலிம்பிக் டவுன்ஹிலில் மாஸேயும் சுவிட்சர்லாந்தின் டொமினிக் ஜிசினும் 1 நிமிடம் 41.57 நொடியில் சரிசமமாக முடித்து, இருவருமே தங்கம் பெற்றார்கள்.

இந்த நூறிலொரு பங்குகள்தான் இடங்களாகி, இடங்கள் புள்ளிகளாகி, ஐந்து மாதக் கணக்கை முடிக்கின்றன. 2005இல் சுவீடனின் ஆன்யா பார்சன் குரோஷியாவின் யானிட்சா கொஸ்டெலிச்சை வென்றது 3 புள்ளியில். 2011இல் மீண்டும் அதே 3. சுவிட்சர்லாந்தின் லென்சர்ஹைடேயில் நடந்த இறுதி வாரத்தில், ஸ்லாலத்தில் ஜெர்மனியின் மரியா ரீஷ் நான்காவதாக வந்து அமெரிக்காவின் லிண்ட்சி வானை 1,728க்கு 1,725 என முந்தினார். மிச்சம் ஒரு ஜெயன்ட் ஸ்லாலம். மோசமான வானிலையால் அது ரத்தானது. இறுதி வாரத்தில் ரத்தாகும் பந்தயத்தை வேறொரு நாளில் நடத்துவதில்லை. பருவம் முழுதும் உழைத்த இருவருக்கும் ஒரு கடைசி இறக்கம் கிடைத்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. பருவத்தின் மொத்தப் புள்ளிகளில் முதலிடம் பெறுபவருக்கான கோப்பையான பெரிய படிகக் கோளம் ரீஷுக்குப் போனது.