குடியை நிறுத்தும் வாரத்தில் வெறும் குளுக்கோஸ் ஏற்றாதீர்கள்

மறுபடியும் அதே கதை. நாற்பது வயதைத் தொடாத ஒரு கொத்தனார். பல வருடக் குடி. கடைசி ஒரு வாரமாக வாந்தி. சோறு இறங்கவில்லை, சரக்கு மட்டும் இறங்கியிருக்கிறது. பிறகு அதுவும் முடியாமல் நின்றுபோனது. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓரிடத்தில் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் நடை தடுமாறியது. எந்த ஊர், என்ன கிழமை என்று தெரியவில்லை. “போதை இன்னும் தெளியல, தூங்கி எழுந்தா சரியாயிடும்” என்று வீட்டில் காத்திருந்தார்கள். எங்கள் வார்டுக்கு வந்து சேர்ந்தபோது கண்ணை ஒரு பக்கமாகத் திருப்பச் சொன்னால் திருப்ப முடியவில்லை. அவர் மனைவி என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினோமே டாக்டர், அப்புறம் எப்படி இப்படி ஆச்சு?”

இந்தக் கேள்வியை வெவ்வேறு குடும்பங்கள் வெவ்வேறு வார்த்தைகளில் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவருக்கு வந்தது வெர்னிக்கி மூளை பாதிப்பு. கார்ல் வெர்னிக்கி என்ற ஜெர்மானிய மருத்துவர் 1881இலேயே விவரித்துவிட்ட நோய். காரணம் தயமின் என்கிற வைட்டமின் பி1 தீர்ந்துபோவது. நம் உடம்பில் பி1 கையிருப்பு மிகக் குறைவு, சுமார் 30 மில்லிகிராம்தான். சாப்பாடு நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் காலி. குடிப்பவருக்கு அந்தக் கையிருப்பே இன்னும் குறைவாகத்தான் இருக்கும். குடல் அதைச் சரியாக உறிஞ்சாது, கெட்டுப்போன ஈரல் அதைச் சேர்த்து வைக்காது. வாந்தியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

“அவர் பட்டினி எல்லாம் கிடக்கலையே, உடம்பு பூசினாப்லதான் இருக்கு” என்பார்கள். ஒரு குவார்ட்டர் பிராந்தியில் கிட்டத்தட்ட 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. கிராமுக்கு 7 கலோரி என்று கணக்குப் போட்டால் 400 கலோரிக்கு மேல். இரண்டு குவார்ட்டர் உள்ளே போனால் இரண்டு வேளைச் சாப்பாட்டின் கலோரி கிடைத்துவிடும், பசியும் அடங்கிவிடும். ஆனால் அதில் ஒரு துளி வைட்டமினும் இல்லை, புரதமும் இல்லை. தொட்டுக்கொள்ளும் ஊறுகாயில் என்ன வந்துவிடப் போகிறது? தொப்பை இருக்கிற ஆள் உள்ளுக்குள் சத்தே இல்லாமல் இருக்க முடியும். அப்படிப்பட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

இனி குளுக்கோஸ் விஷயம். நம் ஊரில் குளுக்கோஸ் பாட்டில் மீது இருக்கும் நம்பிக்கை சாமி மீது இருக்கும் நம்பிக்கையைவிடக் கொஞ்சம் கூடுதல். சோர்வா, குளுக்கோஸ். காய்ச்சலா, குளுக்கோஸ். குடித்துவிட்டு எழுந்திருக்க முடியவில்லையா, “ஒரு பாட்டில் ஏத்தினா தெம்பு வந்துடும்.” தொங்குகிற பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் 5 சதவீதக் கரைசல். அரை லிட்டர் பாட்டிலில் 25 கிராம் சர்க்கரை, அதாவது சுமார் 100 கலோரி. இரண்டு இட்லி கொடுப்பதைவிடக் குறைவு. தெம்பு வந்த மாதிரி இருப்பது தண்ணீர் உள்ளே போனதால். தண்ணீர்ச்சத்துக் குறைந்தவருக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சர்க்கரையை மூளை எரித்துச் சக்தியாக்க பி1 வேண்டும். பி1 காலியாகிக் கிடக்கும் உடம்பில் வெறும் குளுக்கோஸை ஏற்றுவது அடுப்பே இல்லாத வீட்டில் அரிசி மூட்டையை இறக்குவது மாதிரி. அதோடு நின்றாலும் பரவாயில்லை. மிச்சம் மீதி இருந்த பி1ஐயும் அந்தச் சர்க்கரை இழுத்துச் செலவழித்துவிடும். விளிம்பில் நின்றுகொண்டிருந்த ஆளை உள்ளே தள்ளிவிடக்கூடும்.

ஆகவே நெடுநாள் குடிப்பவருக்கு குளுக்கோஸ் போடுவதற்கு முன்போ, குறைந்தபட்சம் கூடவேயோ பி1 ஊசி போட வேண்டும். மருத்துவக் கல்லூரியில் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் பாலபாடம் இது. விலை உயர்ந்த மருந்தும் இல்லை. சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிக் கிடப்பவருக்கு பி1 கிடைக்கும்வரை குளுக்கோஸைத் தாமதிக்கவும் கூடாது. உடனே கொடுத்து, பி1ஐயும் கூடவே கொடுக்க வேண்டும். சிறிய கிளினிக் நடத்தும் நண்பர்களே, மருத்துவமனைகளில் டிரிப்ஸ் போடும் தங்கைகளே, தயவுசெய்து இதை மட்டும் மறக்காதீர்கள். “தினமும் குடிப்பாரா, எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை” என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட்டு பாட்டிலை மாட்டுங்கள்.

“பி காம்ப்ளக்ஸ் மாத்திரை தினமும் போடுறாரே” என்பது அடுத்தது. குடியைத் தொடர்ந்துகொண்டே போடும் அந்த மாத்திரையில் சிறு பகுதியைத்தான் பழுதான குடல் உள்ளே விடும். வெர்னிக்கி சந்தேகம் வந்துவிட்டால் மாத்திரை போதாது. நரம்பு வழியாக, பெரிய அளவில், ஒரு நாளில் பல தடவை கொடுக்க வேண்டியிருக்கும். மெக்னீசியம் குறைந்திருந்தால் அதையும் ஈடுகட்ட வேண்டும், இல்லாவிட்டால் கொடுத்த பி1 சரியாக வேலை செய்யாது.

குழப்பம், தள்ளாட்டம், கண் அசைவில் கோளாறு ஆகிய மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் வெர்னிக்கி என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். நடைமுறையில் மூன்றும் சேர்ந்து வருவது சிறுபான்மைதான். குடிப்பவர் தள்ளாடினால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? அங்கேதான் தவறுகிறது. கடைசியாகக் குடித்து ஒரு நாள் ஆன பிறகும் தள்ளாட்டமும் குழப்பமும் தெளியவில்லை என்றால் அது போதை இல்லை. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தூங்கி எழட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

தாமதித்தால் வருவது கோர்சகாஃப் நிலை. புது விஷயம் எதுவும் மனதில் பதியாது. காலையில் சாப்பிட்டாரா என்பது தெரியாது. தெரியாத இடத்தை ஒரு கதையால் நிரப்புவார். “நேத்து திருச்சி போயிட்டு வந்தேன்” என்பார், நேற்று முழுக்க வார்டில் இருந்திருப்பார். வருடக்கணக்கில் அவருடைய பொய்களைக் கேட்டுச் சலித்த குடும்பம் இதையும் பொய் என்றே எடுத்துக்கொண்டு திட்டுகிறது. அம்மா, அது பொய் இல்லை. அவர் நம்பித்தான் சொல்கிறார். சிலருக்கு மாதக்கணக்கில் ஓரளவு மீளும், சிலருக்கு மீளாது.

இதில் எனக்குத் தாங்க முடியாத ஒன்று உண்டு. பி1 குறைபாட்டால் வரும் பெரிபெரியை ஆராய ராபர்ட் மெக்காரிசன் 1918இல் ஓர் அறையில் ஆய்வுக்கூடம் தொடங்கிய இடம் நம் குன்னூர். அதுதான் வளர்ந்து இன்று ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. தீட்டிய பச்சரிசியை நம்பியிருந்த ஆந்திரக் கடலோர மாவட்டங்களைப் பெரிபெரி பிடித்து ஆட்டியபோது புழுங்கலரிசி சாப்பிட்ட பகுதிகள் தப்பித்தன. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்படிப்பட்ட சோறு வீட்டில் பானையில் இருக்க, அதைத் தொடாமல் ஒரு மனிதர் பி1 இல்லாமல் ஞாபகத்தை இழக்கிறார்.

சரி, நிறுத்துகிற வாரத்தில் என்ன செய்வது? முதலில், தினமும் அதிகமாகக் குடிப்பவரை வீட்டில் அடைத்து வைத்துத் திடீரென்று நிறுத்தாதீர்கள். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், இல்லாத உருவங்கள் தெரிந்து, உடம்பு உதறி, உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். மோரும் எலுமிச்சை ஜூஸும் இதைத் தடுக்காது. மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்துங்கள்.

பல நாள் பட்டினி கிடந்தவருக்கு “தெம்புக்கு” என்று ஆட்டுக்கால் சூப்பும் பிரியாணியும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். திடீரென்று அதிக உணவு போனால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயத் துடிப்பே தடம் மாறலாம். கஞ்சி, இட்லி, மோர், வாழைப்பழம், பருப்பு சாதம், வேகவைத்த முட்டை எனக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள்.

அப்புறம் பத்தியம். ஈரல் கெட்டுவிட்டது என்றதும் முட்டை கூடாது, பருப்பு கூடாது, வெறும் கஞ்சியும் கீழாநெல்லியும் என்று மாதக்கணக்கில் வைத்துவிடுகிறார்கள். ஈரல் சுருங்கியவரின் தசை கரைந்துகொண்டிருக்கும் நேரத்தில் புரதத்தை நிறுத்துவது பெரிய கொடுமை. அவர்களுக்கு எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை, அதாவது மற்றவர்களைவிட அதிகம். ராத்திரி நீண்ட நேரம் வெறும் வயிற்றில் விடாமல் படுக்கும்முன் ஏதாவது சாப்பிடச் செய்வதும் முக்கியம். உப்பை எவ்வளவு குறைப்பது என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

குடலுக்கும் மனதுக்கும் உள்ள தொடர்பு பற்றி நிறையப் பேசப்படுகிறது. அதில் உண்மை இருக்கிறது. குடி, குடல் சுவரைக் கசியவிடுகிறது. பாக்டீரியாவின் கழிவுகள் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்க அழற்சியைக் கிளப்புகின்றன. பெல்ஜியத்தில் நடந்து 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில், குடல் கசிவு அதிகமாக இருந்தவர்களுக்கே, குடியை நிறுத்தி மூன்று வாரம் ஆன பிறகும் மனச்சோர்வும் பதற்றமும் குடி ஏக்கமும் கூடுதலாக இருந்தன. கீரை, பயறு, நார்ச்சத்துள்ள காய், தயிர், பழைய சோறு இவையெல்லாம் குடலுக்கு நல்லது. தாராளமாகக் கொடுங்கள்.

ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றும் “செரட்டோனின் 90 சதவீதம் குடலில் உருவாகிறது, அதனால் தயிர் சாப்பிட்டால் மனச்சோர்வு போய்விடும்” என்பதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். முதல் பாதி சரி. குடலில் உருவாகும் அந்தச் செரட்டோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது; மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. 2017இல் ஆஸ்திரேலியாவில் நல்ல உணவுமுறையால் மனச்சோர்வு குறைந்ததாகக் காட்டிய புகழ்பெற்ற ஆய்விலும், பெரும்பாலோர் தங்கள் வழக்கமான சிகிச்சையோடு சேர்த்தே உணவை மாற்றினார்கள். உணவு துணை செய்யும். மாத்திரையின் வேலையை அதன் தலையில் கட்டாதீர்கள். அதேபோல் “தெரியாமல் சாப்பாட்டில் கலக்கும் பொடி”யை வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது; குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் மருந்து இருந்து, அவர் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம்.

நிறுத்தி வீடு திரும்பியவருக்கு மிக ஆபத்தான நேரம் சாயங்காலம் ஆறு மணி. வேலை முடிந்து, பசியோடு, கடை இருக்கும் தெரு வழியாக வருவார். பசியையும் குடி ஏக்கத்தையும் அந்த நேரத்தில் உடம்பு பிரித்துப் பார்க்காது. குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களில் பசி, கோபம், தனிமை, களைப்பு என்ற நான்கையும் கவனிக்கச் சொல்கிறார்கள். பசியை முதலில் வைத்திருப்பது சரியானதே. ஐந்து மணிக்கே சுண்டலோ வேகவைத்த வேர்க்கடலையோ அவர் கையில் இருக்கட்டும். பி1ஐயும் புரதத்தையும் ஒன்றாகக் கொடுக்கும் பண்டம் இது. வேலைக்குக் கட்டிக் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. முதல் சில வாரம் இனிப்பு அதிகம் கேட்பார். சர்க்கரை நோய் இல்லையென்றால் அதற்காகச் சண்டை போடாதீர்கள்.

நிறுத்திய பின் சோர்வும் தூக்கமின்மையும் எரிச்சலும் பலருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும். தணியவில்லையென்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். பி12, ஃபோலிக் ஆசிட், ஹீமோகுளோபின், தைராய்டு பரிசோதனைகளையும் கேட்டு வாங்குங்கள். பி12 குறைவு மட்டுமே மறதியையும் மனச்சோர்வையும் கால் மரமரப்பையும் உண்டாக்கும். சைவம் சாப்பிடுபவர்களும், சர்க்கரை நோய்க்கு நெடுநாள் மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவர்களும் இதைத் தவறவிடக் கூடாது. தற்கொலை எண்ணம் வந்தால் பரிசோதனை முடிவுக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். போதை மீட்பு உதவிக்கு 14446.

கடைசியாக அவரைக் கூட்டிக்கொண்டு வரும் உங்களிடம். வார்டுக்கு வெளியே பெஞ்சில் டீயும் பன்னும் மட்டும் சாப்பிட்டுவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் மனைவிமார்களையும் அம்மாக்களையும் தினமும் பார்க்கிறேன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். அவருக்கு ரத்தம் எடுக்கும் அன்று உங்களுக்கும் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். மதியம் அவருக்கு வாங்கும் சாப்பாட்டோடு உங்களுக்கும் ஒன்று வாங்குங்கள்.